பழைய பத்திர ஸ்கேன்களில் பழுப்பும் நீர்க்கறையும்: எழுத்து போகாமல் எடுப்பது எப்படி?

அரசலாறு (கேள்வி)

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பழைய காகிதக் கட்டு கைக்கு வந்திருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரம், குத்தகைச் சீட்டுகள், கலம் மரக்கால் கணக்கில் எழுதிய நெல் வரவு நோட்டு, கொஞ்சம் அச்சிட்ட நோட்டீசுகள். எல்லாம் 1930களிலிருந்து 1960கள் வரை உள்ளவை, மொத்தம் சுமார் 600 பக்கம். ஏ4 ஸ்கேனரில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), ஜேபெக்காகத்தான் இதுவரை எடுத்தது.

பிரச்சினைகள்:

தாள் முழுக்கப் பழுப்பு. ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு. பல தாள்களில் வெள்ளத் தண்ணீர் ஏறி நின்ற தடம், வரைபடத்தில் கடற்கரை போட்ட மாதிரி ஒரு கரும்பழுப்புக் கோடு. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்கு மேலே மஞ்சள், குங்குமம். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. மை நீலம், கறுப்பு, சிவப்பு மூன்றும் உண்டு. பதிவு அலுவலக முத்திரை ஊதா.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் ஏற்றினால் நடுப்பகுதி வெளுத்து எழுத்து போகிறது, ஓரம் கறுப்பாகிறது. மொபைல் ஸ்கேன் ஆப் போட்டால் தாள் வெள்ளையாகிறது, ஆனால் பாதி புள்ளிகளைக் காணோம். "குத்தகை" என்பது "குததகை" ஆகிவிடுகிறது. ஊதா முத்திரை அழிந்தே போகிறது. சரியான வழி என்ன?

வெண்ணாறு

சார், சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேனையே திரும்ப எடுக்கணும். ஜேபெக்ல இருக்கிறதை வச்சு வேலை பார்த்தா பாதியிலேயே நின்னுடும். காரணம் சொல்றேன். பழுப்பை எடுக்கிறதுன்னா இருட்டான இடத்தைப் பெருக்கி வெள்ளைக்குக் கொண்டு வர்றது. 0ன்னா கறுப்பு, 255ன்னா வெள்ளை. நல்ல தாள் 255க்கு 230ன்னு இருக்கும். கலர் படம்னா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனல் சேர்ந்தது. கறை பிடிச்ச இடம் நீல சேனல்ல 90ன்னு இருக்கும். அதை வெள்ளையாக்க கிட்டத்தட்ட 2.8 மடங்கு பெருக்கணும். அப்போ அந்த இடத்துல இருக்கிற இரைச்சலும் (பொடிப்பொடியான நிறத் தடுமாற்றம்) 2.8 மடங்கு. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டித்தான் சுருக்குது. இந்தப் பெருக்கல்ல அந்தக் கட்டம் எல்லாம் மொசைக் தரை மாதிரி வெளியே வந்துடும். அதுக்கப்புறம் எந்த மென்பொருளும் காப்பாத்தாது.

அதனால:

டிஃப் (TIFF, படத்துல எதையும் இழக்காம வைக்கிற வகை) கோப்பா எடுங்க. எல்இசட்டபிள்யூ சுருக்கம் போடலாம், அதுல எதுவும் இழக்காது. கலர்லதான் எடுக்கணும், எழுத்து கறுப்பா இருந்தாலும் கிரேஸ்கேல் வேணாம். கறையைப் பிரிக்க நிறம்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே பிடி. ஸ்கேனர் மென்பொருள்ல 48 பிட் (நிறத்தை இன்னும் நுணுக்கமாப் பதியும்) இருந்தா அதை எடுங்க, இல்லைன்னா 24 பிட். டிபிஐ 400. அச்சு நோட்டீசுல எழுத்து பொடியா இருந்தா 600.

ஃபுல்ஸ்கேப் அளவுப் பத்திரம் எட்டரைக்குப் பதிமூணரை அங்குலம்னு வச்சா, 400 டிபிஐ 24 பிட்ல பக்கத்துக்கு 55 எம்பி வரும். 600 பக்கம் 33 ஜிபி. 48 பிட்னா அதுக்கு ரெண்டு மடங்கு. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் போதும்.

ஸ்கேனர் மென்பொருள்ல தானா ஓடுற எல்லாத்தையும் அணைங்க. பின்னணி நீக்கம், எழுத்துக் கூர்மை, ஆட்டோ எக்ஸ்போஷர், நிறம் மீட்பு எல்லாம். ஆட்டோ எக்ஸ்போஷர் இருந்தா பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சம் மாறும். அப்புறம் மொத்தமா ஒரே அளவுல ஓட்ட முடியாது.

பின்பக்க எழுத்துக்கு: தாளுக்குப் பின்னால மங்கலான கறுப்பு அட்டை வச்சு மூடுங்க. மூடியோட வெள்ளைப் பரப்புதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிப் பின்பக்க மையைக் காட்டுது. கறுப்பு வச்சா தாள் கொஞ்சம் இருட்டா வரும். அது எல்லா இடத்துலயும் ஒரே அளவா வர்றதால பின்னால எடுத்துடலாம். ஒரு விதிவிலக்கு. எண்ணெயோ நெய்யோ பட்ட தாள்னா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஊடு தெரியும், கறுப்பு அட்டை வச்சா அங்க கறுப்புத் திட்டு விழும். அந்தத் தாளுக்கு மட்டும் தாள் நிறத்துலயே ஒரு சந்தன நிற அட்டை வைங்க.

யூஎஸ்பி ஒயர்லயே கரண்ட் எடுக்கிற மெல்லிய ஸ்கேனர்னா அது பெரும்பாலும் சிஐஎஸ் வகை, சென்சார் கண்ணாடியை ஒட்டியே இருக்கும். கண்ணாடியை விட்டு ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிடும். மடிப்புப் பத்திரத்துக்கு லென்ஸ் வழியாப் பார்க்கிற சிசிடி வகை நல்லது. கிடைக்கலைன்னா தாளை முதல்ல மட்டமாக்குங்க. ரெண்டு மை ஒற்றுத்தாளுக்கு நடுவுல வச்சு மேல பலகை, பலகை மேல கனமான புத்தகம், ரெண்டு நாள். இஸ்திரிப் பெட்டி வைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கம் காத்துல இருக்கிற ஈரத்துக்குத் தாள் அலை அலையா எழும்பும். தை பிறந்தப்புறம் எடுத்தா பாதித் தொல்லை இல்லை.

ஏ4 கண்ணாடி 11.7 அங்குலம்தான். பத்திரம் அதுக்கு மேல நீளம்னா ரெண்டு தடவையா எடுங்க, நடுவுல ரெண்டு அங்குலமாவது ரெண்டுலயும் வரணும். முதல்ல ஒட்டணும், அப்புறம்தான் சுத்தம். தனித்தனியா சுத்தம் பண்ணி ஒட்டினா சேர்ற இடத்துல வெளுப்பு மாறிக் கோடு தெரியும்.

பூசணம் இருக்கிற தாள்னா என்95 முகமூடி போட்டு, மெல்லிய தூரிகையால வெளிப்பக்கமாத் தட்டி விடுங்க. காய்ஞ்சிருக்கணும். ஈரத்துணி பட்டா பூசணம் நாருக்குள்ள இறங்கிடும். எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர், வெயில்ல காய வைக்கிறது எதுவும் வேணாம். ஊதா முத்திரை மை வெயிலுக்கு நிக்காது.

குடமுருட்டி

வெண்ணாறு சொன்னபடி டிஃப் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். இனி கணினி வேலை.

கான்ட்ராஸ்ட் ஏற்றுவது ஏன் தோற்கிறது என்றால், அது பக்கம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைக்கிறது. உங்கள் தாளில் ஓரத்துத் தாள் நிறம், நடுவிலுள்ள மங்கிய மையைவிட இருட்டு. எந்தக் கோட்டில் வெட்டினாலும் ஒன்று போகும். தேவைப்படுவது ஒவ்வோர் இடத்திலும் "இங்கே எழுத்து இல்லாமல் இருந்தால் தாள் என்ன நிறம்?" என்று ஒரு பின்னணிப் படம் தயாரித்து, அசலை அதனால் வகுப்பது. தாள் 140, பின்னணியும் 140 என்றால் விடை ஒன்று, அதாவது வெள்ளை. மை 60, பின்னணி 140 என்றால் 0.43, கருமையாகவே நிற்கும். நடுவில் தாள் 220, மை 95 என்றாலும் அதே 0.43 வரும். ஓரமும் நடுவும் சமமாகிவிடும்.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் (2.10 அல்லது அதற்குப் பிந்தையது) செய்முறை:

டிஃப்பைத் திறந்து, இமேஜ் மெனுவில் ப்ரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். லேயரை (படத்தின் அடுக்கை) டூப்ளிகேட் செய்யுங்கள். மேல் லேயரில் ஃபில்டர்ஸ், ப்ளர், மீடியன் ப்ளர். ரேடியஸ் 40, பெர்சென்டைல் 80. மீடியன் ப்ளர் தன் வட்டத்துக்குள் இருக்கும் பிக்சல்களை இருட்டிலிருந்து வெளிச்சம்வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் உள்ளதை எடுக்கும். பெர்சென்டைல் 80 என்றால் நடுவுக்குப் பதில் வெளிச்சப் பக்கமாக 80ஆவது இடத்தில் உள்ளதை எடுக்கும். எழுத்து ஒரு பக்கத்தில் 10 முதல் 20 சதவீத இடம்தான் பிடிக்கும் என்பதால் எழுத்து முழுக்கக் கரைந்து வெறும் தாள் மிஞ்சும். அதன்மேல் காஸியன் ப்ளர் 15 கொடுத்து மழுப்பிவிட்டு, லேயர் மோடை டிவைட் (வகுத்தல்) என்று மாற்றுங்கள். வேலை அவ்வளவுதான்.

பல இடங்களில் மீடியன் இல்லாமல் நேரே காஸியன் ப்ளர் போடச் சொல்வார்கள். அதில் எழுத்தின் கருமையும் பின்னணியில் கலந்துவிடும். தடித்த தலைப்பு எழுத்தின் நடு வெளுத்து, சுற்றிலும் வெள்ளை வட்டம் விழுவது அதனால்தான்.

பிறகு லெவல்ஸ். வெள்ளை முனையை 255இலிருந்து 240 அளவுக்குக் கொண்டுவந்தால் தாளின் நார் இரைச்சல் அடங்கும். கறுப்பு முனையை 30, 40க்கு மேல் ஏற்றாதீர்கள். மெல்லிய இழுப்புகள் தடித்து, எழுத்தின் சுழி அடைபடும்.

கலரிலேயே வகுப்பதால் இன்னொரு நன்மை. சிவப்பு, பச்சை, நீல சேனல் ஒவ்வொன்றும் தன் பின்னணியால் வகுபடும். பழுப்பு தானாக வெள்ளையாகும், சிவப்பு மை சிவப்பாகவும் ஊதா முத்திரை ஊதாவாகவும் நிற்கும்.

கறுப்பு வெள்ளை வேண்டும் என்றால்தான் எந்த சேனல் என்ற கேள்வி. இதை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: மஞ்சள், பழுப்பு எல்லாம் நீல ஒளியை விழுங்குபவை. நீல சேனலில் கறை கறுப்பாகத் தெரியும், சிவப்பு சேனலில் ஏறக்குறைய காணாமல் போகும். மஞ்சள் தூள் சிவப்பு சேனலில் இருக்கும் இடமே தெரியாது, குங்குமமும் அப்படியே. உங்கள் கணக்கு நோட்டின் முதல் பக்கத்துக்குச் சிவப்பு சேனல்தான் மருந்து. நீல மையும் கறுப்பு மையும் அதில் நன்றாகக் கறுத்து நிற்கும்.

ஆனால் சிவப்பு மையால் எழுதியதும் குங்குமத்தோடு சேர்ந்து மறையும். ஊதா முத்திரையும் வெளிறும். அவை இரண்டும் பச்சை சேனலில் அழுத்தமாகத் தெரியும். எனவே சிவப்பு மையோ முத்திரையோ உள்ள பக்கத்துக்கு இரண்டு சேனலையும் தனித்தனியே எடுத்து (கலர்ஸ், காம்போனன்ட்ஸ், எக்ஸ்ட்ராக்ட் காம்போனன்ட்), தனித்தனியே வகுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல் லேயர் மோடை டார்க்கன் ஒன்லி என்று போடுங்கள். இரண்டில் எது கருமையோ அது நிற்கும். குங்குமம் பட்ட இடத்தில் மட்டும் பச்சை லேயருக்கு மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம்.

அரசலாறு

நன்றி ஐயா, நன்றி வெண்ணாறு சார். சில பத்திரங்களை 400 டிபிஐ டிஃப்பாக மறுபடி எடுத்துப் பார்த்ததில் பழுப்பு சுத்தமாகப் போய்விட்டது, புள்ளி எல்லாம் நிற்கிறது. மூன்று சந்தேகம். ஒன்று, வெள்ளத் தடத்தின் கோடு மட்டும் போகவில்லை, இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கோடு. இரண்டு, கைநாட்டு ரேகையும் முத்திரையும் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிவிட்டன. மூன்று, 600 பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கிம்ப்பில் திறக்க முடியாதே?

குடமுருட்டி

கோடு பற்றி. தண்ணீர் தாளில் ஊறிப் பரவும்போது, தாளுக்குள் கரையக்கூடிய அழுக்கு, சிதைந்த பொருள், பசை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும். ஈரம் காயும் விளிம்பில் அனைத்தும் படிந்துவிடும். அதனால் கறையின் உள்ளே வெளிறியும் விளிம்பில் அடர்ந்தும் இருக்கும். அந்த விளிம்பு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், 400 டிபிஐயில் 16 முதல் 24 பிக்சல். ரேடியஸ் 40 என்றால் வட்டத்தின் குறுக்களவு 81 பிக்சல். அதற்குள் கோடு சிறுபான்மை. எழுத்தைக் கரைத்தது போலவே மீடியன் கோட்டையும் கரைத்து, "இங்கே தாள் வெளிச்சம்" என்று பின்னணியில் எழுதிவிடுகிறது. வகுத்ததும் கோடு மை போலவே மிஞ்சுகிறது.

தீர்வு, கோடு போகும் பட்டையை மட்டும் லாசோவால் தெரிவு செய்து (விளிம்பை 10 பிக்சல் மழுப்பி), அங்கே ரேடியஸ் 14, பெர்சென்டைல் 55 முதல் 60. இப்போது வட்டத்தின் குறுக்களவு 29 பிக்சல். 20 பிக்சல் கோடு அதில் பெரும்பான்மை, எனவே பின்னணியில் பதியும். பேனா இழுப்பு அரை மில்லிமீட்டர், 8 பிக்சல்தான். அது சிறுபான்மையாகவே இருந்து கரைந்துபோகும். பெர்சென்டைலை 80இலேயே விட்டால் இந்த ரேடியஸிலும் கோடு பதியாது. இந்தப் பட்டைக்குக் காஸியன் ப்ளர் 3க்கு மேல் வேண்டாம். நீல, கறுப்பு மை என்றால் முதலில் சிவப்பு சேனலை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், பாதிக் கோடு அங்கேயே போயிருக்கும். எழுத்தும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் இடத்தில் சிறிய நிழல் மிஞ்சும். அதை விட்டுவிடுங்கள். அங்கே கையால் துடைத்தால் எழுத்தை நீங்களே வரைந்த மாதிரி ஆகிவிடும்.

கைநாட்டும் முத்திரையும் வெளிறுவது, அவை வட்டத்தைவிடப் பெரிய இருட்டுப் பரப்பு என்பதால். மென்பொருள் அதையும் தாளின் கறை என்று நினைக்கிறது. மாஸ்க் போட்டு அசலைக் காட்டினால் வெள்ளைத் தாளில் பழுப்புச் சதுரம் ஒட்டிய மாதிரி இருக்கும். அப்படிச் செய்யாமல், ப்ளர் ஆன பின்னணி லேயருக்குப் போய், மோடைத் தற்காலிகமாக நார்மலுக்கு மாற்றுங்கள். முத்திரை இருந்த இடத்தில் நிழல் போல ஒரு திட்டு தெரியும். பக்கத்துத் தாள் நிறத்தைக் கலர் பிக்கரால் எடுத்து, மென்மையான பெரிய தூரிகையால் அந்தத் திட்டின்மேல் பூசுங்கள். மறுபடி டிவைட். ரேகை வரி வரியாக முழு அழுத்தத்தோடு திரும்பி வரும். அசல் லேயரில் ஒரு பிக்சலைக்கூட நீங்கள் தொடவில்லை, அதுதான் இதில் முக்கியம்.

மண்ணியாறு

மூன்றாவது கேள்விக்கு. மொத்தமாக ஓட்ட இரண்டு வழி.

ஒன்று, கட்டளை தட்டி ஓட்டும் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் அசலை எடுத்து, அதன் குளோனை (நகலை) 0க்கு 40 என்று ப்ளர் செய்து, கம்போஸில் டிவைட் கொடுத்துச் சேர்ப்பது. ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே கட்டளையில் ஓடும். அதில் டிவைட் இரண்டு வகை உண்டு, எது எதை வகுக்கிறது என்பதில்தான் வேறுபாடு. மாற்றிப் போட்டால் தாள் முழுக்க வெறிச்சென்று வெள்ளையாக வரும். பயப்படாமல் மற்றதைப் போடுங்கள். இதில் இருப்பது வெறும் ப்ளர் என்பதால் தடித்த எழுத்தில் குடமுருட்டி ஐயா சொன்ன வெள்ளை வட்டம் கொஞ்சம் வரும். பேனா எழுத்துக்குப் பாதகமில்லை.

இரண்டாவது ஸ்கேன் டெய்லர் அட்வான்ஸ்டு என்ற மென்பொருள். பக்கம் பிரித்தல், சாய்வு நிமிர்த்தல், எல்லை, ஓரம் எல்லாம் வரிசையாகச் செய்து கடைசியில் அவுட்புட் கட்டத்துக்கு வரும். அங்கே கையெழுத்துப் பத்திரத்துக்குக் கலர் மோடு வைத்து இக்வலைஸ் இல்லுமினேஷனை டிக் செய்யுங்கள். அச்சு நோட்டீசுக்கு மிக்ஸ்டு மோடு. முத்திரை, படம் உள்ள இடத்தைப் பிக்சர் ஸோன் என்று கட்டம் போட்டுவிட்டால் அது கலரில் நிற்கும், மற்றது கறுப்பு வெள்ளையாகும்.

கறுப்பு வெள்ளையாக்கும்போது ஓட்சு முறை பக்கம் முழுமைக்கும் ஒரே வெட்டு. கறை உள்ள தாளுக்கு சவோலா முறை, அது ஒவ்வோர் இடத்துக்கும் தனி வெட்டு பார்க்கும். ஜன்னல் அளவு (ஒரு வெட்டுக்கு அது பார்க்கும் பரப்பு) எழுத்து உயரத்தைவிடக் குறைந்தது இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். சிறிதாக வைத்தால் தடித்த எழுத்து உள்ளே பொந்தாகும். சவோலாவின் கெழு 0.2 முதல் 0.35 வரை போட்டுப் பாருங்கள். குறைத்தால் மங்கிய எழுத்து பிழைக்கும், கூடவே அழுக்கும் வரும்.

அடுத்தது தமிழுக்கே உரிய ஆபத்து, டெஸ்பெக்கிள், அதாவது பொடிப்புள்ளி நீக்கம். தமிழ்ப் புள்ளியை மனத்தில் வைத்துச் செய்த கருவி அல்ல இது. அதற்குப் பொடிப்பொடியான கறுப்பு எல்லாம் தூசி. 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்கு 12 பிக்சல். அரை மில்லிமீட்டர் புள்ளி என்றால் குறுக்கே 6, பரப்பில் 28 பிக்சல்தான். அக்ரெசிவ் என்ற கடும் நிலையில் வைத்தால் மெய்யெழுத்துப் புள்ளிகள் வரிசையாகப் போகும். அரசலாறு சொன்ன "குததகை" வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். 600 டிபிஐயில் அதே புள்ளி 110 பிக்சல் ஆகிறது, தூசிக்கும் அதற்கும் இடைவெளி கிடைக்கிறது. அச்சுத் தாளை 600இல் எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். எப்படியானாலும் காஷியஸ் என்ற மென்மையான நிலைக்கு மேல் போகாதீர்கள். பத்திரத்துக்கு டெஸ்பெக்கிளே வேண்டாம். புள்ளி போனால் வாசிப்பவர் ஊகித்துவிடுவார். "ஏக்கர் 0.45" என்பதில் தசமப் புள்ளி போனால் ஊகிக்க முடியாது. மா, காணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கக் (பின்ன எண்) குறி போட்ட கணக்கு என்றால் இன்னும் கவனம். 1/20, 1/80, 1/320 என்று இறங்கும் அளவுகள், குறியில் ஒரு சின்ன இழுப்பு தேய்ந்தால் நிலத்தின் அளவே மாறிப் படிக்கப்படும். ௵ (ஆண்டு), ௴ (மாதம்), ௳ (நாள்) குறிகளின் வால் பகுதியும் இப்படித்தான் முதலில் உதிரும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பழுப்புப் பொட்டு, ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை, இரண்டும் எழுத்தின் தலைக்கு மேலே விழுந்தால் புள்ளி ஆகிவிடும். "ன" எல்லாம் "ன்" ஆகும். கறுப்பு அட்டை வைத்து ஸ்கேன் செய்யும்போது ஓட்டை நல்ல கறுப்பாக விழும் என்பதால் இது கூடும். ஓட்டை மிகுந்த தாளுக்குச் சந்தன நிற அட்டையே மேல்.

கடைசிப் பிடிஎஃப் செய்யும்போது ஜேபிக் 2 சுருக்கத்தில் இழப்பு வகையைத் தொடாதீர்கள். ஒரே மாதிரி தெரியும் எழுத்து வடிவங்களை ஒன்றாகக் கருதி, ஒன்றின் படத்தையே மற்றதற்கும் ஒட்டிவிடும். 2013இல் ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்கள் சிலவற்றில் ஸ்கேன் செய்த தாளில் 6 என்பது 8 ஆக மாறி விழுவதை டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் வெளிப்படுத்தியது இந்தச் சுருக்கத்தால்தான். சர்வே எண்ணில் அப்படி ஆனால் யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் எழுத்து மங்கலாக இல்லாமல் தெளிவாகத் தப்பாக இருக்கும். கறுப்பு வெள்ளைக்கு சிசிஐடிடி குரூப் 4 போதும், அதில் இழப்பே கிடையாது.

ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்தெடுப்பது) ஓட்டுவதாக இருந்தால் அச்சு நோட்டீசுக்கு மட்டும். அதற்கான இலவச மென்பொருள் டெசராக்ட் கையெழுத்தைப் படிக்காது. கறை எடுத்த கிரேஸ்கேல் படத்தையே கொடுங்கள், கறுப்பு வெள்ளையாக்குவதை அதுவே செய்துகொள்ளும். ஐந்தாம் பதிப்பில் சவோலாவும் தெரிவாக உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்பதால் பழைய ணை, லை, னை, றா, னா வடிவங்களில் தடுமாறும். அது கறையால் வரும் பிழை அல்ல, அதற்காகப் படத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டாம்.

கொள்ளிடக்கரை

மண்ணியாறு சொன்னதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பத்திரத்தில் எந்தப் பகுதியையும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டாம், மிக்ஸ்டு மோடும் வேண்டாம். மையின் அடர்த்தி, மேலெழுதிய திருத்தம், பின்னால் வேறு மையில் சேர்த்த வரி, இதெல்லாம் சாம்பல் அளவிலும் நிறத்திலும்தான் தெரியும். இரண்டே நிறமாக்கினால் 1940இல் எழுதியதும் 1960இல் இடைச்செருகியதும் ஒரே கறுப்பாகிவிடும். இடம் மிச்சப்பட வேண்டும் என்றால் கறை எடுத்த கலர் படத்தையே நல்ல தரத்து ஜேபெக்காக்கி வையுங்கள். சுத்தம் முடிந்த பிறகு ஜேபெக் ஆக்குவதில் தவறில்லை.

பழைய பத்திரங்களில் மை பழுப்பாக மாறியிருக்கும் தாள்கள் சில இருக்கும். அது பெரும்பாலும் இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த மை. எழுதும்போது கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். அந்தத் தாளில் சிவப்பு சேனலை எடுத்தால் கறையோடு எழுத்தும் போய்விடும். அதற்கு நீல சேனலில்தான் எழுத்துக்கு அழுத்தம் அதிகம், ஆனால் கறையும் அங்கேதான் அதிகம். பச்சையிலிருந்து தொடங்குங்கள். போதவில்லை என்றால் நீலத்தை எடுத்து ரேடியஸ் 25 அளவில் வகுங்கள்.

அதிலும் படிக்க முடியாத தாளுக்கு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். அறையை இருட்டாக்கி, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எடுங்கள். தாள் மங்கலாக ஒளிரும், இரும்பு மை புற ஊதாவை விழுங்கிக் கருமையாகத் தெரியும். கண்ணுக்கு அழிந்துபோன வரிகூட வரும். நீர்த்தட விளிம்பும் சில சமயம் பளிச்சென்று ஒளிரும், அதை எழுத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டார்ச்சைப் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் காட்டுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். விளக்குக் கரியில் செய்த மை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. கார்பன் மங்காது, எல்லா சேனலிலும் கறுப்பாகவே நிற்கும். சிவப்பு சேனல் எடுத்து வகுத்தால் முடிந்தது.

முத்திரைத்தாளில் அழுத்திப் புடைத்த முத்திரை இருந்தால், தாளை 90 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுங்கள். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒரு திசையில் தெரியாத புடைப்பு மறுதிசையில் நிழல் விழுந்து தெரியும். சிசிடி வகையில் இது நன்றாக வரும். இந்தப் படத்தை வகுக்கக் கூடாது, அந்த மெல்லிய நிழலைத்தான் முதலில் அது அழிக்கும்.

இன்னொன்று, இது நிலப் பத்திரம். சுத்தம் செய்த படம் படிப்பதற்கும் குடும்பத்தார் பார்ப்பதற்கும்தான். வழக்கு, பட்டா மாறுதல் என்று வந்தால் அசலைக் காட்ட வேண்டும், அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். மின்னணு வடிவில் நீதிமன்றத்துக்குப் போனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள் (முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்தது). திருத்தாத ஸ்கேன் கையில் இல்லாமல் வெளுத்த படம் மட்டும் இருந்தால் அதன்மேல் கேள்வி வருவது இயல்பு. அசல் டிஃப்பைத் தனி ஃபோல்டரில், எழுத முடியாதபடி பூட்டி, இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். சுத்தம் செய்ததற்கு அதே எண்ணோடு "சு" என்று ஒரு எழுத்து சேர்த்துப் பெயர் வைத்தால் எது எது என்று குழப்பம் வராது.

அரசலாறு

கோடு போய்விட்டது, ரேகையும் முழுசாக வந்தது. குடமுருட்டி ஐயா சொன்ன பின்னணி லேயரில் பூசும் முறை அருமை. கொள்ளிடக்கரை ஐயா சொன்னபடி பத்திரமெல்லாம் கலரிலேயே. ஒரே ஒரு கேள்வி பாக்கி. சில தாள்களின் மடிப்பில் செல்லோடேப் ஒட்டி, டேப் உதிர்ந்து, கோந்து மட்டும் தேன் நிறத்தில் பட்டையாக நிற்கிறது. பிசுபிசுப்பு இருக்கிறது. ஸ்கேனர் கண்ணாடியில் வைக்கலாமா?

வெண்ணாறு

நேரா வைக்காதீங்க சார். கோந்து கண்ணாடியில ஒட்டும், தாளை எடுக்கறப்ப மடிப்புலயே கிழியும். ஓஎச்பிக்கு (பழைய வகுப்பறை புரொஜெக்டர்) போடற தெளிவான பாலியெஸ்டர் ஷீட் ஒண்ணு வாங்கி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவுல போடுங்க. அலசித் துடைச்சுக் காய்ஞ்சதா இருக்கணும், இல்லைன்னா அதுல பட்ட நம்ம கைரேகை படத்துல வரும். கோந்தைச் சுரண்ட வேணாம், தின்னர், ஸ்பிரிட் எதுவும் தொட வேணாம், முத்திரை மை உடனே பரவிடும்.

படத்துல அந்தப் பட்டை நேர்கோட்டு விளிம்போட இருக்கும், ரேடியஸ் எவ்வளவு வச்சாலும் விளிம்புல ரெண்டு பக்கமும் கோடு மிஞ்சும். பட்டையைச் செவ்வகமாத் தெரிவு பண்ணி, அதுக்குள்ள மட்டும் தனியா மீடியன் ஓட்டி வகுங்க, வெளியே இருக்கிற தாளைத் தனியா. தெரிவோட விளிம்பு ஒண்ணு ரெண்டு பிக்சலுக்கு மேல மழுங்க வேணாம். கோந்து இறங்கின இடம் எண்ணெய் பட்ட மாதிரி ஊடு தெரியும், அதனால இந்தத் தாளுக்கும் பின்னால சந்தன நிற அட்டைதான்.

முடிஞ்சதும் பாலியெஸ்டர் ஷீட்டைத் தாளோட சேர்த்தே எடுங்க, ஒரு முனையிலிருந்து தாளை மட்டமா வச்சு ஷீட்டை மெதுவா மடக்கி உரிங்க. தாளை மடக்கக் கூடாது. எடுத்து வைக்கிறப்போ ரெண்டு பக்கமும் சிலிக்கான் பூசின பட்டர் பேப்பர் வச்சுக் கட்டுங்க, இல்லைன்னா அடுத்த பத்திரத்தோட ஒட்டிக்கும்.